அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து சாம்பியன் பட்டியலில் 1971-க்கு எதிரே பெயர் இல்லாதது ஏன்?

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் முதல் டிவிஷன் (உயர்மட்டப் பிரிவு) ஆண்கள் கால்பந்து சாம்பியன் பட்டியலைப் பார்த்துவிட்டு நீங்கள் கேட்டிருப்பவை இவை: முதல் 15 ஆண்டுகளில் 10 பட்டம் வாங்கிய செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம் அதற்குப் பிறகு ஒன்றுகூட வாங்கவில்லையே, ஏன்? 1967, 1968, 1989 ஆகிய மூன்று வருடங்களுக்கு இரண்டிரண்டு பெயர் இருக்கிறது. 1971-க்கும் 1978-க்கும் பெயரே இல்லை, அது எப்படி? இப்போது ஜெயிக்கும் மார்ஷல், வெர்மான்ட் போன்ற அணிகள் எங்கிருந்து முளைத்தன?

இரண்டு பெயர் விவகாரம் போட்டி விதி சம்பந்தப்பட்டது. அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மற்ற எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றுதான் என்பது என் கருத்து. இந்தக் கோப்பையை எந்தக் காலத்தில் யார் வென்றார்கள் என்பதைப் பயிற்சியாளரின் வியூகமோ கல்லூரியின் பணமோ தீர்மானித்ததைவிட, அந்த அணிக்கு ஆட்டக்காரர்கள் எந்தத் தெருவிலிருந்து, எந்த நாட்டிலிருந்து வந்தார்கள் என்பதே அதிகம் தீர்மானித்தது. 1971-ஐ வெற்றிடமாக்கிய சண்டையும் அதைப் பற்றியதுதான்.

1959-க்கு முன்னால் தேசிய அளவில் முறையான கோப்பையே கிடையாது. 1926-லிருந்து கல்லூரிகளின் கால்பந்துச் சங்கம் ஒன்று பருவம் முடிந்ததும் முடிவுகளைப் பார்த்து, இவர்தான் சாம்பியன் என்று அறிவிக்கும். சில வருடங்களில் மூன்று நான்கு கல்லூரிகளைக்கூட ஒன்றாக அறிவித்திருக்கிறார்கள். பெரும்பாலும் கிழக்குக் கரைக் கல்லூரிகள். மேற்கே சான் பிரான்சிஸ்கோவில் ஒரு நல்ல அணி இருந்தால் அதோடு மோதிப் பார்க்க வழியில்லை. 1950 ஜனவரி 1 அன்று 'சாக்கர் பௌல்' என்ற பெயரில் பென் ஸ்டேட் அணியையும் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழக அணியையும் மோதவிட்டார்கள். 2-2 என்று முடிந்தது. அந்த ஆட்டத்தை நடத்தத் தேர்ந்தெடுத்த ஊர் செயின்ட் லூயிஸ். அந்த ஊர் இந்தக் கதையில் அடிக்கடி வரும்.

1959-ல் என்.சி.ஏ.ஏ. எட்டு அணிகளைக் கூப்பிட்டு முதல் போட்டியை நடத்தியது. அரையிறுதியும் இறுதியும் கனெக்டிகட் பல்கலைக்கழக மைதானத்தில். இறுதிப் போட்டியில் செயின்ட் லூயிஸ் 5-2 என்று பிரிட்ஜ்போர்ட்டை வென்றது. அந்தக் கல்லூரி கால்பந்து அணியை அதிகாரபூர்வமாக ஆரம்பித்ததே அந்த வருடம்தான். ஆரம்பித்த வருடமே தேசிய சாம்பியன்! மறு வருடமும் பட்டம். 1961-ல் இறுதியில் வெஸ்ட் செஸ்டரிடம் 0-2 என்று தோற்றது. பிறகு 1962, 1963, 1965, 1967, 1969, 1970, 1972, 1973 என்று வரிசையாகப் பட்டங்கள்.

இது எப்படிச் சாத்தியமானது என்று புரிய செயின்ட் லூயிஸ் ஊரைப் புரிந்துகொள்ள வேண்டும். மிசிசிப்பி ஆற்றங்கரையில், மிசோரி மாநிலத்தில் இருக்கும் இந்த ஊரில் ஐரிஷ்காரர், ஜெர்மானியர், இத்தாலியர், ஸ்பானியர் எனக் குடியேறிகள் பேட்டை பேட்டையாக வாழ்ந்தார்கள். நாட்டின் மற்ற இடங்களில் பையன்கள் பேஸ்பாலும் அமெரிக்கன் ஃபுட்பாலும் ஆடிக்கொண்டிருந்தபோது, இங்கே கத்தோலிக்கப் பங்குக் கோயில்கள்தோறும் (பங்கு என்பது ஒரு கோயிலைச் சேர்ந்த வட்டாரம்) கால்பந்து அணி இருந்தது. கத்தோலிக்க இளைஞர் மன்றம் அவற்றுக்கு லீக் நடத்தியது. சின்ன வயதிலேயே ஒரு பங்கின் சட்டையைப் போட்டு இன்னொரு பங்கோடு மோதி வளர்ந்த பையன்கள் ஆயிரக்கணக்கில். 1950 உலகக் கோப்பையில் பிரேசிலின் பெலோ ஹொரிசோன்டேயில் இங்கிலாந்தை 1-0 என்று அமெரிக்கா தோற்கடித்ததே, அந்த 11 பேரில் 5 பேர் செயின்ட் லூயிஸ்காரர்கள். கோல்கீப்பர் ஃபிராங்க் போர்கி, சார்லி கொலம்போ, ஜினோ பரியானி, 'பீ வீ' வாலஸ், ஹாரி கியோ.

பல்கலைக்கழகத்தின் முதல் பயிற்சியாளர் பாப் கெல்கர் அந்த இளைஞர் மன்ற லீக்கோடு தொடர்புடையவர். எந்தப் பங்கில் எந்தப் பையன் நன்றாக ஆடுகிறான் என்று அவருக்கு மனப்பாடம். வெளியூருக்குப் போய் ஆள் தேட வேண்டியதே இல்லை. பஸ் ஏறி வரும் தூரத்தில் இருந்த பையன்களை வைத்தே 5 பட்டம் வாங்கினார். அவர் 1967-ல் ஆற்றுக்கு அந்தக் கரையில் இருக்கும் எட்வர்ட்ஸ்வில் கல்லூரிக்குப் போனதும், இங்கிலாந்தை வென்ற அதே ஹாரி கியோ வந்தார். கியோ தபால்காரராக வேலை பார்த்தவர். அவரும் 5 பட்டம், அதில் ஒன்று பகிர்ந்துகொண்டது. ஒரு கல்லூரிக்கு இரண்டே பயிற்சியாளர்கள் ஆளுக்கு ஐந்தாகப் பத்துப் பட்டம் வாங்கிக் கொடுத்தது இந்தப் போட்டியில் வேறெங்கும் நடக்கவில்லை. 10 பட்டம் என்ற எண்ணிக்கையையும் இன்றுவரை யாரும் தொடவில்லை. அடுத்த இடத்தில் இருக்கும் இந்தியானாவுக்கு 8.

நாட்டிலேயே அந்த ஒரு ஊரில்தான் குழந்தைகள் இவ்வளவு பெரிய எண்ணிக்கையில் முறையாகக் கால்பந்து ஆடினார்கள் என்பதே அவர்களுடைய பலம். அந்த நிலைமை மாறினால் பலமும் போய்விடும். இரண்டு பக்கத்திலிருந்து மாறியது. முதலில் வெளிநாட்டு மாணவர்கள் வந்தார்கள். பிறகு புறநகர் அமெரிக்கா முழுவதும் குழந்தைகள் கால்பந்து ஆட ஆரம்பித்தார்கள்.

வெளிநாட்டு மாணவர் கதையை சான் பிரான்சிஸ்கோவிலிருந்து தொடங்கலாம். அங்கே பயிற்சியாளர் ஸ்டீவ் நெகோஸ்கோ. நியூ ஜெர்சியில் பிறந்து ருமேனியாவில் வளர்ந்தவர். 1966-ல் முதல் பட்டம், பிறகு 1975, 1976, 1980. நைஜீரியாவிலிருந்தும் நார்வேயிலிருந்தும் வந்த மாணவர்கள் அவர் அணியில் முக்கியமானவர்கள். நீங்கள் கேட்ட 1978 வெற்றிடம் இந்தக் கல்லூரியுடையது. இறுதியில் இந்தியானாவை 2-0 என்று வென்றார்கள், தகுதியில்லாத ஆட்டக்காரரை ஆடவிட்டதாகப் பின்னால் முடிவாகி அந்தப் பட்டத்தை நீக்கினார்கள்.

1971 அப்படி ஒரு வரியில் முடிகிற விஷயம் இல்லை. என்னைக் கேட்டால் இந்தக் கோப்பையின் வரலாற்றில் ஆழமாகப் படிக்க வேண்டியது இந்த ஒரு அத்தியாயம்தான்.

வாஷிங்டன் நகரில் இருக்கும் ஹோவர்ட் பல்கலைக்கழகம் கறுப்பின மாணவர்களுக்காக 19-ஆம் நூற்றாண்டில் உருவானது. 1970-ல் அங்கே கால்பந்துப் பயிற்சியாளராக வந்தவர் லிங்கன் ஃபிலிப்ஸ். டிரினிடாட் நாட்டுக் கோல்கீப்பர், அமெரிக்கத் தொழில்முறை லீக்கில் ஆட வந்தவர். ஹோவர்டில் கரீபியன் தீவுகளிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் படிக்க வந்த மாணவர்கள் நிறைய. டிரினிடாட், ஜமைக்கா, பெர்முடா, நைஜீரியா, கானா, கினி என்று பல நாட்டுப் பையன்கள் ஒரே அணியில் சேர்ந்தார்கள். எல்லாருக்கும் கால்பந்துதான் ஊரில் முதல் விளையாட்டு.

1971 டிசம்பர் இறுதியில் மயாமியின் ஆரஞ்சு பௌல் அரங்கில் இறுதிப் போட்டி. எதிரில், முந்தைய இரண்டு வருடமும் பட்டம் வாங்கியிருந்த கியோவின் செயின்ட் லூயிஸ். ஹோவர்ட் 3-2 என்று ஜெயித்தது. முதல் டிவிஷனில் எந்த விளையாட்டிலும் கறுப்பினக் கல்லூரி ஒன்று என்.சி.ஏ.ஏ. அணிப் பட்டம் வாங்கியது அதுவே முதல் முறை. அந்த ஒரு ஆட்டம் மட்டும் வேறு விதமாகப் போயிருந்தால் செயின்ட் லூயிஸ் 1969 முதல் 1973 வரை தொடர்ந்து ஐந்து பட்டம் வாங்கியிருக்கும். அவ்வளவு வலுவான அணியைத்தான் வீழ்த்தினார்கள்.

பிறகு விசாரணை வந்தது. சில ஆட்டக்காரர்களின் தகுதியைக் கேள்வி கேட்டு, 1973 தொடக்கத்தில் என்.சி.ஏ.ஏ. அந்தப் பட்டத்தை ரத்து செய்தது. அடுத்த ஒரு வருடம் தேசியப் போட்டியில் ஆடத் தடையும் விதித்தது. இறுதியில் தோற்ற செயின்ட் லூயிஸுக்குப் பட்டத்தைக் கொடுக்கவும் இல்லை. அதனால்தான் நீங்கள் பார்த்த பட்டியலில் அந்த இடம் காலியாக இருக்கிறது.

என்ன விதிகள்? மூன்று. கல்லூரியில் சேர்ந்ததிலிருந்து ஐந்து வருடத்துக்குள்தான் ஆடி முடிக்க வேண்டும் என்பது ஒன்று. பள்ளி மதிப்பெண்ணையும் அமெரிக்க நுழைவுத் தேர்வையும் வைத்து, இந்த மாணவர் கல்லூரியில் நாலுக்கு குறைந்தது 1.6 சராசரி எடுப்பார் என்று முன்கூட்டியே கணக்கிட்டுக் காட்ட வேண்டும் என்பது இரண்டாவது. கரீபியனிலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் பள்ளி முடிப்பவர்கள் எழுதுவது பிரிட்டிஷ் முறைப் பரீட்சை. அந்தக் கணக்கில் அவர்களை எங்கே பொருத்துவது? மூன்றாவது விதிதான் மோசமானது. வெளிநாட்டு மாணவர் ஒருவர் 19 வயதுக்குப் பிறகு, கல்லூரியில் சேரும் முன், தன் நாட்டில் எந்த அணிக்காக ஆடியிருந்தாலும், அப்படி ஆடிய ஒவ்வொரு வருடமும் அவருடைய கல்லூரி ஆட்ட வருடங்களில் ஒன்றாகக் கழியும். அமெரிக்கப் பையன் அதே வயதில் தன் ஊர் கிளப்பில் ஆடினால் இந்த விதி அவனைத் தொடாது.

ஹோவர்ட் நீதிமன்றம் போனது. வாஷிங்டன் கூட்டாட்சி நீதிமன்றமும், 1975-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் முதல் இரண்டு விதிகளும் செல்லும் என்றன. ஆனால் வெளிநாட்டு மாணவருக்கென்றே தனியாக எழுதப்பட்ட அந்த மூன்றாவது விதி, சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்ற அரசியலமைப்புக் கோட்பாட்டுக்கு விரோதமானது என்று தீர்ப்பு சொன்னார்கள். பட்டம் திரும்பி வரவில்லை, விதி போய்விட்டது. அன்றைக்கு வெளிநாட்டு மாணவர்களை வைத்து ஆடிய கல்லூரி ஹோவர்ட் மட்டும் அல்ல என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். கறுப்பினக் கல்லூரி என்பதால்தான் குறிவைத்தார்கள் என்று ஹோவர்ட் தரப்பில் அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். விதி மீறலே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், நீதிமன்றமும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் ஒரு நியாயமற்ற விதியையும் சேர்த்துப் போட்டுத் தண்டித்துவிட்டு, அது செல்லாது என்று ஆன பிறகும் பட்டியலில் அந்த இடத்தைக் காலியாகவே வைத்திருப்பது சரியில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

தடை முடிந்ததும் 1974-ல் ஹோவர்ட் மறுபடி வந்தது. அந்தப் பருவத்தில் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை, டிராவும் இல்லை. ஆடிய 19-லும் வெற்றி. இறுதிப் போட்டி நடந்த இடம் செயின்ட் லூயிஸ் ஊரின் புஷ் அரங்கம். எதிரில் அந்த ஊர் அணியே. 90 நிமிடம் முடிந்தபோது 1-1. கூடுதல் நேரம் ஒன்று போய், இரண்டு போய், மூன்றும் போய், நான்காவதில் நைஜீரிய மாணவர் கென்னத் இலோடிக்வே கோல் அடித்தார். 2-1. எதிரி ஊரில், எதிரி ரசிகர்கள் முன்னால், முந்தைய வருடத்துச் சாம்பியனை வென்று வாங்கிய இந்தப் பட்டத்தை யாரும் பறிக்கவில்லை. செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம் இறுதிப் போட்டிக்கு வந்ததும் அதுவே கடைசி.

ஹோவர்ட் வழியைப் பல கல்லூரிகள் பிடித்துக்கொண்டன. தென் கரோலினாவின் கிளெம்சனில் பாலஸ்தீனத்தில் பிறந்த ஐ. எம். இப்ராஹிம் கால்பந்து அணியை ஒன்றுமில்லாத இடத்திலிருந்து கட்டி, வெளிநாட்டு மாணவர்களைச் சேர்த்து, 1984-லும் 1987-லும் பட்டம் வாங்கினார். அலபாமா ஏ அண்ட் எம் என்ற இன்னொரு கறுப்பினக் கல்லூரி 1981 இறுதியில் கூடுதல் நேரம் வரை போய்க் கனெக்டிகட்டிடம் 1-2 என்று தோற்றது. அந்தக் காலத்தில் கால்பந்துக்காக மட்டும் முதல் டிவிஷனில் ஆடிய சின்னக் கல்லூரிகளும் ஜெயித்தன. நியூ யார்க் மாநிலத்தின் ஒனியோன்டா ஊரிலிருக்கும் ஹார்ட்விக் 1977-ல் சான் பிரான்சிஸ்கோவை 2-1 என்று வீழ்த்தியது. நான் மேலே சொன்ன பாப் கெல்கர் தன் எட்வர்ட்ஸ்வில் அணியோடு 1979-ல் பட்டம் வாங்கினார். அதுவும் பெரும்பாலும் செயின்ட் லூயிஸ் வட்டாரப் பையன்களை வைத்துத்தான். ஆக, அந்த ஊர்ப் பையன்கள் ஒரே கல்லூரிக்குத்தான் போவார்கள் என்ற நிலையும் மாறிவிட்டது.

இந்தியானா வேறு வகை. ஜெர்ரி யேக்லி 1963-ல் அங்கே வந்தபோது கால்பந்து வெறும் மாணவர் கிளப். பத்து வருடம் அப்படியே ஓட்டினார்; 1973-ல்தான் பல்கலைக்கழகம் அதை அதிகாரபூர்வ அணியாக ஏற்றது. செயின்ட் லூயிஸை 1961 இறுதியில் தோற்கடித்த வெஸ்ட் செஸ்டர் அணியில் ஆடியவர் இவர். எப்படி ஜெயிப்பது என்று ஆட்டக்காரராகவே தெரிந்திருந்தது. ஆனால் பயிற்சியாளராக முதல் பட்டத்துக்கு முன் 1976, 1978, 1980 என மூன்று இறுதிப் போட்டிகளில் தோற்க வேண்டியிருந்தது. மூன்றிலும் எதிரி சான் பிரான்சிஸ்கோதான். 1978 பட்டம் நீக்கப்பட்டது பற்றி மேலே சொன்னேன். அதிலும் இந்தியானாவுக்கு எதுவும் கிடைக்கவில்லை.

1982-ல் ஃபோர்ட் லாடர்டேலில் டியூக்கோடு நடந்த இறுதி இன்று நினைத்தாலும் நம்ப முடியாதது. 1-1 என்ற நிலையில் கூடுதல் நேரப் பகுதிகள் எட்டு! அப்போது பெனால்டி ஷூட் அவுட் கிடையாது, யாராவது கோல் அடிக்கும்வரை ஆட வேண்டும். இந்தியானாவின் முதல் கோலை அடித்திருந்த தடுப்பாட்டக்காரர் கிரெக் தாம்சனே எட்டாவது பகுதியில் ஃப்ரீ கிக் ஒன்றை உள்ளே அனுப்பினார். மூன்று வருடம் கழித்து, 1985-ல் சியாட்டிலில் யு.சி.எல்.ஏ. (லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகம்) அணியும் அமெரிக்கன் பல்கலைக்கழகமும் கோல் இல்லாமல் மறுபடி எட்டாவது பகுதி வரை போனார்கள். 160 நிமிடம் தாண்டிய பிறகு ஆண்டி பர்க் அடித்த ஒரே கோலில் யு.சி.எல்.ஏ. ஜெயித்தது. மாணவர்களை இப்படி வாட்டக்கூடாது என்று அதற்குப் பிறகு கூடுதல் நேரத்துக்கு வரம்பு வைத்தார்கள்.

அந்த வரம்புதான் 1989-ல் இரண்டு பெயருக்கு வழி வகுத்தது. நியூ ஜெர்சியில் கடுங்குளிரில் நடந்த அந்த இறுதியில் வர்ஜீனியாவும் சாந்தா கிளாராவும் கூடுதல் நேரம் முடிந்தும் 1-1. இருவரையும் சாம்பியன் என்று அறிவித்துவிட்டார்கள். 1968-ல் மேரிலாந்தும் மிச்சிகன் ஸ்டேட்டும் 2-2 என்று முடித்ததும் இதே வகை. 1967 மட்டும் வேறு: மிச்சிகன் ஸ்டேட்டும் செயின்ட் லூயிஸும் 0-0 என்று இருந்தபோது வானிலை மோசமாகி ஆட்டத்தையே நிறுத்த வேண்டியதாயிற்று. 1990-லிருந்து பெனால்டி ஷூட் அவுட். முதல் வருடமே அது தேவைப்பட்டது, யு.சி.எல்.ஏ. ரட்கர்ஸை 4-3 என்று வென்றது. யு.சி.எல்.ஏ. கோல்கீப்பர் பிராட் ஃப்ரீடல், பின்னால் இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் பல வருடம் ஆடியவர்.

1989 இறுதியை இன்னொரு காரணத்துக்காகவும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் வர்ஜீனியாவின் புரூஸ் அரீனா, இன்னொரு பக்கம் சாந்தா கிளாராவின் ஸ்டீவ் சாம்சன். இருவருமே பின்னாளில் அமெரிக்க தேசிய அணியின் பயிற்சியாளர்கள். சாம்சன் 1998 உலகக் கோப்பைக்கும், அரீனா 2002, 2006 உலகக் கோப்பைகளுக்கும் அணியை அழைத்துப் போனார்கள். அரீனா முதலில் கோல்கீப்பர். கார்னெல் கல்லூரிக்காக 1972 அரையிறுதியில் ஆடியிருக்கிறார்.

இந்தக் கோப்பை அமெரிக்கக் கால்பந்துக்கே உயிராக இருந்த காலம் என்று 1985 முதல் 1995 வரைச் சொல்வேன். பெலே ஆடிய பழைய வட அமெரிக்க லீக் 1984 பருவத்தோடு மூடப்பட்டது. இன்றைய தொழில்முறை லீக்கான மேஜர் லீக் சாக்கர் 1996-ல்தான் வந்தது. இடையில் 18 வயதுப் பையனுக்குக் கால்பந்தில் முன்னேறக் கல்லூரியை விட்டால் வழியே இல்லை. 1989 நவம்பரில் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் டிரினிடாடுக்கு எதிராக பால் கலிஜியூரி அடித்த கோல்தான் 40 வருடத்துக்குப் பிறகு அமெரிக்காவை உலகக் கோப்பைக்குக் கொண்டுபோனது, அவர் யு.சி.எல்.ஏ.வின் 1985 சாம்பியன் அணிக்காரர். 1990-ல் இத்தாலி போன அமெரிக்க அணி கிட்டத்தட்ட ஒரு கல்லூரி அணிதான்.

அந்தக் காலத்தின் உச்சம் வர்ஜீனியா. 1991, 1992, 1993, 1994 என்று தொடர்ந்து நான்கு பட்டம். செயின்ட் லூயிஸே செய்யாத காரியம். முதல் மூன்றிலும் கிளாடியோ ரெய்னா ஆடினார். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் அவரைப் போல் நிதானமாகப் பந்தைக் கையாண்டவர் இல்லை என்று நான் நினைக்கிறேன். இதற்குள் புறநகர்ப் பகுதிகள்தோறும் குழந்தைகள் கால்பந்து கிளப்புகள் வந்துவிட்டன. நியூ ஜெர்சியில், கலிபோர்னியாவில், டெக்சாஸில், வர்ஜீனியாவில் நல்ல பையன்கள் கிடைத்தார்கள். தங்கள் மாநிலத்திலேயே பெரிய பல்கலைக்கழகங்கள் உதவித்தொகையோடு கூப்பிட்டன. செயின்ட் லூயிஸின் பங்குக் கோயில் லீக் மோசமாகிவிடவில்லை. மற்ற ஊர்களும் அந்த அளவுக்கு வந்துவிட்டன, அவ்வளவுதான்.

1998-க்குப் பிந்தைய இருபது வருடத்தை வேகமாகக் கடந்துவிடலாம். யேக்லி 1998, 1999 இரண்டிலும் ஜெயித்து, 2003-ல் தன் கடைசி ஆட்டத்தையும் பட்டத்தோடு முடித்தார். அது அவருடைய ஆறாவது. அவர் மகன் டாட் யேக்லி 2012-ல் அதே இந்தியானாவுக்குப் பட்டம் வாங்கினார். மேரிலாந்தில் சாஷோ சிரோவ்ஸ்கி 2005, 2008, 2018 என மூன்று முறை. இதில் நின்று பார்க்க வேண்டியது ஸ்டான்ஃபோர்ட். ஜெரமி கன் பயிற்சியில் 2015, 2016, 2017 மூன்றிலும் சாம்பியன். அந்த மூன்று வருட அரையிறுதி, இறுதி ஆட்டங்கள் ஆறிலும் அவர்கள் எதிரணியை ஒரு கோல்கூட அடிக்க விடவில்லை. ஆறில் மூன்று 0-0 என்று முடிந்து பெனால்டிக்குப் போனவை. அழகான ஆட்டம் என்று சொல்ல முடியாது. ஆனால் தடுப்பாட்டத்தை அப்படிக் கட்டமைப்பது சாதாரண வேலை இல்லை.

இனி மார்ஷல், வெர்மான்ட். மேஜர் லீக் அணிகள் 2007 வாக்கில் தங்கள் இளையோர் பயிற்சி அகாடமிகளிலிருந்து நேராகப் பையன்களை ஒப்பந்தம் செய்யத் தொடங்கின. மிகச் சிறந்த அமெரிக்க இளைஞர்கள் இப்போது 16, 17 வயதிலேயே தொழில்முறை ஆட்டக்காரர்கள். சிலர் நேரே ஐரோப்பா போகிறார்கள். அவர்கள் விட்ட இடத்தை ஐரோப்பிய, ஆப்பிரிக்க, தென் அமெரிக்க இளைஞர்கள் நிரப்புகிறார்கள். ஐரோப்பிய கிளப் அகாடமியில் 18, 19 வயதில் வாய்ப்பு இல்லை என்று சொல்லப்பட்ட பையனுக்கு, அமெரிக்காவில் பட்டப்படிப்பும் நல்ல கால்பந்தும் ஒன்றாகக் கிடைக்கிறது. பெரிய பெயர் இல்லாத கல்லூரியும் சரியான ஆட்களைக் கண்டுபிடித்துக் கூப்பிட்டால் இரண்டு மூன்று வருடத்தில் வலுவாகிவிடலாம்.

மேற்கு வர்ஜீனியாவின் மார்ஷல் அதைத்தான் செய்தது. பயிற்சியாளர் கிறிஸ் கிராஸி இங்கிலாந்துக்காரர். கோவிட் காரணமாக 2020 போட்டி 2021 வசந்த காலத்துக்குத் தள்ளிப்போய், வழக்கமான 48-க்குப் பதில் 36 அணிகளோடு முழுக்க வட கரோலினாவில் நடந்தது. மார்ஷல் முதலிடத் தரவரிசை பெற்ற கிளெம்சனைப் பெனால்டியில் வென்றது, நடப்புச் சாம்பியன் ஜார்ஜ்டவுனை 1-0, வட கரோலினாவை 1-0, இறுதியில் இந்தியானாவை 1-0. இறுதியின் கோல் 98-ஆவது நிமிடத்தில் ஜமில் ராபர்ட்ஸ் அடித்தது. 2024-ல் அதே மார்ஷல் மறுபடி இறுதிக்கு வந்தபோது தரவரிசையே இல்லாத வெர்மான்ட் அவர்களை 2-1 என்று வீழ்த்தியது. ஆட்டம் முடிய பத்து நிமிடம் இருக்கும்வரை வெர்மான்ட் பின்தங்கியிருந்தது; மார்செல் பாப் சமன் செய்தார், கூடுதல் நேரத்தில் மாக்ஸ் கிஸ்ஸல் வெற்றிக் கோல் அடித்தார். பனிச்சறுக்கைத் தவிர வேறெந்த விளையாட்டிலும் அந்தப் பல்கலைக்கழகம் அதற்கு முன் தேசியப் பட்டம் வாங்கியதில்லை.

இன்றும் தகுதி விதிகள் உண்டு. பள்ளி முடித்த பிறகு குறிப்பிட்ட காலத்துக்கு மேல் வெளியே முறையான போட்டிகளில் ஆடினால் ஆட்ட வருடங்கள் கழியும். வித்தியாசம், அது ஓஹியோ பையனுக்கும் ஒன்றுதான், ஆஸ்லோ பையனுக்கும் ஒன்றுதான். ஹோவர்ட் வழக்குப் போடாமல் இருந்திருந்தால் 1970-களிலேயே இந்தக் கதவு வெளிநாட்டு மாணவர்களுக்கு மூடியிருக்கும். இன்றைய மார்ஷலும் வெர்மான்ட்டும் அந்த வழக்குக்குக் கடன்பட்டவை என்று நான் சொல்வது இதனால்தான்.

பழைய இறுதிப் போட்டிகளின் வீடியோ தேடப் போகிறீர்கள் என்றால் 2019-லிருந்து ஆரம்பியுங்கள். ஜார்ஜ்டவுனும் வர்ஜீனியாவும் 3-3 என்று முடித்து, பெனால்டியில் 7-6 என்று ஜார்ஜ்டவுன் முதல் பட்டம் வாங்கியது. இந்தப் போட்டியின் இறுதிகள் பெரும்பாலும் 1-0, 2-1 என்று இறுக்கமாக முடிபவை. ஆறு கோல் விழுந்த அந்த ஆட்டம் விதிவிலக்கு. மைதானக் கடிகாரத்தையும் கவனியுங்கள். கல்லூரிக் கால்பந்தில் நீண்ட காலமாக அது 45-லிருந்து கீழே இறங்கும், பூஜ்யம் வந்தால் ஆட்டம் முடிந்தது, காய நேரம் (காயம் போன்றவற்றால் வீணானதற்கு ஈடாகக் கடைசியில் சேர்க்கும் நிமிடங்கள்) என்று ஒன்று கிடையாது. வெளியே போன ஆட்டக்காரர் திரும்ப உள்ளே வரவும் விதி அனுமதிக்கிறது. முதல் முறை பார்ப்பவருக்குக் குழப்பமாக இருக்கும், பத்து நிமிடத்தில் பழகிவிடும்.